மெய்நிகரும் மிகைமெய்யும்

நுழையும்முன்

காணும் கண்ணுக்கும் காணப்படும் பொருளுக்கும் இடையே இன்று ஒரு திரை வந்து நிற்கிறது. அத்திரை சில வேளைகளில் உலகை மறைத்து வேறோர் உலகைக் காட்டுகிறது. சில வேளைகளில் இருக்கும் உலகின் மீதே எழுதிக் காட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இவற்றின் வேறுபாட்டையும், அவ்வேறுபாடு கல்வியில் எழுப்பும் வினாக்களையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

இரு கருவிகள், ஓர் ஊர்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிமலைத் தொடரின் கீழ்மலைப் பகுதியில் அமைந்த சிற்றூர் ஆடலூர். அண்டையிலுள்ள பன்றிமலை, தாண்டிக்குடி ஆகிய ஊர்களைப் போலவே இங்கும் நிழல் மரங்களின் கீழே காப்பிச் செடியும், இடையிடையே மலைவாழையும், மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடியும் வளர்கின்றன. இவ்வூர் மாணவர் ஒருவரிடம் இரண்டு கருவிகள் தரப்படுவதாக வைத்துக்கொள்ளலாம்.

முதற்கருவி, கண்களை முழுமையாக மூடும் தலையணி. அதை அணிந்ததும் காப்பித் தோட்டம் மறைகிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் சூழ்கின்றன. தலையைத் திருப்பினால் மீன் கூட்டம். அண்ணாந்தால் நீரின் மேற்பரப்பில் கதிரொளி. இரண்டாவது கருவி, கையிலுள்ள திறன்பேசி. அதன் ஒளிப்படக் கண்ணை ஒரு வாழையின் முன் நீட்டினால், திரையில் அதே வாழை தெரிகிறது. ஆனால் இலைக்காம்பில் காணும் கரும்பச்சைக் கீற்றுகளைச் சுற்றி ஒரு கோடு விழுகிறது; அருகே நோயின் பெயர் தோன்றுகிறது. மாணவர் நகர்ந்தாலும் அக்கோடு கீற்றுகளை விட்டு நகர்வதில்லை.

முதலாவது, மெய்நிகர் மெய்மை. ஆங்கிலத்தில் ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ எனப்படுவது. இரண்டாவது, மிகை மெய்மை. ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ எனப்படுவது. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் குறிப்பிடுகின்றன. விற்பனையாளர்கள் ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள். ஆயினும் முதற்கருவியில் ஆடலூர் இல்லாமற் போயிற்று. இரண்டாவது கருவியில் ஆடலூர் முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. மற்ற வேறுபாடுகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சொல் காட்டும் பொருள்

இவற்றுக்கு வழங்கும் தமிழ்ச் சொற்களே இவ்வேறுபாட்டை உணர்த்த வல்லவை. ‘நிகர்’ என்றால் ஒப்பு. மெய்நிகர் என்பது மெய்க்கு ஒப்பானது; ஒப்பானது என்பதாலேயே அது மெய்யன்று என்பதும் பெறப்படும். ‘மிகை’ என்பதற்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று கூடுதல், மற்றொன்று தேவைக்கு மேற்பட்டது. இருக்கும் மெய்யோடு ஒன்றைக் கூட்டுவது மிகை மெய்மை. அக்கூட்டல் அறிவைக் கூட்டுகிறதா, வெறும் மிகையாக நின்றுவிடுகிறதா என்பது பயன்படுத்துவோரைப் பொறுத்தது.

வரலாற்றில் இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றே. 1968-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லண்டு தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்கிக் காட்டினார். கூரையிலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு அதன் கட்டமைப்பு பெரிதாக இருந்தது. அணிந்தவர் தலையைத் திருப்பத் திருப்ப, கோடுகளால் ஆன வடிவங்கள் தம் கோணத்தை மாற்றிக்கொண்டன. ஒளி ஊடுருவும் கண்ணாடிகள் வழியே அறையும் சேர்ந்தே தெரிந்தது. இரண்டு தொழில்நுட்பங்களும் இக்கருவியையே தம் மூதாதையாகக் கொள்கின்றன.

பின்னர் வழிகள் பிரிந்தன. மெய்நிகர் மெய்மை என்னும் பெயரை 1980-களில் பரப்பியவர் ஜேரன் லேனியர். மிகை மெய்மை என்னும் பெயர் போயிங் விமான நிறுவனத்தில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் காடலால் வழங்கப்பட்டது. விமானத்தின் மின்கம்பிகளைப் பெரிய பலகைகளில் வரிசைப்படுத்தும் தொழிலாளர், எக்கம்பி எவ்வழிச் செல்ல வேண்டும் என்பதை அறிய வரைபடத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தது. வரைபடத்தைப் பலகையின் மீதே தெரியச் செய்தால் என்ன என்பதே அவர் எழுப்பிய வினா. தொழிலாளியைப் பணியிடத்திலிருந்து பெயர்க்காமல், பணியிடத்துக்கே அறிவைக் கொண்டுவரும் முயற்சி அது.

1994-இல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ ஆகிய ஆய்வாளர்கள் இவற்றை ஒரு கோட்டின் மீது வைத்துக் காட்டினர். ஒரு முனையில் முழுமையான மெய்யுலகம். மறுமுனையில் முழுமையான மெய்நிகர் உலகம். மெய்யுலகின் பக்கமாக, இடையில் நிற்பது மிகை மெய்மை. 1997-இல் ரொனால்டு அசுமா மிகை மெய்மைக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார். மெய்யும் படைப்பும் கலந்திருக்க வேண்டும். பார்ப்பவரின் செயலுக்கு அக்கணமே மறுமொழி தர வேண்டும். படைக்கப்பட்ட உரு முப்பரிமாண வெளியில் தனக்குரிய இடத்தில் பொருந்தி நிற்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றுள்ளன. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் 1994-இல் உருவாக்கப்பட்டது இக்குறியீடு. திறன்பேசியால் இதனைப் படித்ததும் காணொலி ஒன்று திறக்கிறது. இது மிகை மெய்மை ஆகாது. காணொலி பாடநூலின் பக்கத்தோடு பொருந்தி நிற்பதில்லை. பக்கத்தில் அச்சிட்ட இதயத்தின் படத்தின் மீது முப்பரிமாண இதயம் எழுந்து துடித்து, நூலைத் திருப்பும்போது தானும் திரும்புமாயின், அதுவே மிகை மெய்மை.

உடல் எங்கே நிற்கிறது?

தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்தது தொல்காப்பியம். மெய்நிகர் உலகில் நுழைந்தவரிடம் இம்மெய்ப்பாட்டைக் கண்கூடாகக் காணலாம். சமதளத்தில் நிற்பவருக்குத் தலையணி ஒரு மலை விளிம்பைக் காட்டினால் கால் பின்வாங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பொய் என்று அறிவு சொன்னாலும் உடல் மெய்யாகவே அஞ்சுகிறது. கண், ‘நகர்கிறேன்’ என்கிறது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு, ‘நகரவில்லை’ என்கிறது. இம்முரண்பாட்டால் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன.

இவ்வாறு உடலையே ஏமாற்றவல்ல ஆற்றலைக் குறையென்று மட்டும் தள்ளிவிட இயலாது. தீப்புண் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது ஏற்படும் வேதனை கொடிது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன் குழுவினர் அவர்களுக்காகப் பனி உலகம் ஒன்றை உருவாக்கினர். நோயாளி தலையணியை அணிந்து பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து சென்று பனிப்பந்துகளை எறிகிறார்; கவனம் அங்கே செல்வதால் உணரும் வலி குறைகிறது. இங்கே மருத்துவமனை அறை மறைய வேண்டும், மறைவதே மருந்து. விமானியின் பயிற்சியும் இத்தகையதே. 1929-இல் எட்வின் லிங்க் உருவாக்கிய பயிற்சிப் பெட்டி முதல் இன்றைய பயிற்சிக் கூடங்கள் வரை, தவறு செய்தாலும் உயிர் போகாத ஓர் இடம் தேவைப்பட்டது. போலி வானம் அதனைத் தந்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் திருமணம் செய்துகொண்ட இணையர், தம் வரவேற்பு நிகழ்ச்சியை மெய்நிகர் உலகில் நடத்தினர். பெருந்தொற்றுக் காலத்தில் நேரில் வர இயலாதோர் அவரவர் இடத்திலிருந்தே உருவங்களாக வந்து கலந்துகொண்டனர். மணமகளின் மறைந்த தந்தையும் ஓர் உருவமாக அங்கே தோன்றினார். தொலைவையும் இறப்பையும் ஒரு மாலைப் பொழுதேனும் கடக்க விழையும் மனித உள்ளத்தை எள்ளுதல் தகாது. அதே வேளையில், அத்தந்தையின் உருவம் தந்தைக்கு நிகர், தந்தை அல்லர். இதனை அறிந்தே அவ்வுலகில் நுழைபவர், அறிந்தே வெளியேறுகிறார். தலையணியை அணிவதும் கழற்றுவதும் ஒரு வாயிலைக் கடப்பது போன்றவை. மெய்நிகர் மெய்மைக்கு எல்லை உண்டு. அவ்வெல்லையே அதன் காவல்.

மிகை மெய்மைக்கு இத்தகைய வாயில் கிடையாது. தெருவும் மரமும் மனிதரும் உள்ளபடியே தெரிய, அவற்றின் நடுவே சேர்க்கப்பட்டதும் தெரிகிறது. போர் விமானியின் கண்ணெதிரே உள்ள கண்ணாடியில் வேகமும் உயரமும் ஒளிரும் எழுத்துகளாய்த் தோன்றுவது இதற்கு ஒரு முன்னோடி. தேஜஸ் விமானத்துக்கான அத்தகைய முகப்புக் காட்சிக் கருவியைச் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாக்கியது. அங்கே தோன்றும் ஒவ்வோர் எண்ணும் அளந்து சரிபார்க்கப்பட்டது. ஆனால் ஒரு திறன்பேசித் திரையில் தோன்றும் பெயரையும் அம்புக்குறியையும் சரிபார்த்தவர் யார்? மெய்நிகர் உலகில் பொய் தனியே நிற்கிறது. மிகை மெய்மையில் பொய் புகுந்தால் அது மெய்யின் தோளில் கைபோட்டு நிற்கும். ஆதலால் மெய்நிகர் மெய்மையைக் காட்டிலும் மிகை மெய்மைக்கே கூடுதலான விழிப்பு தேவை.

மலைவாழை சொல்லும் பாடம்

இவ்விழிப்பு எங்கிருந்து வரும் என்பதைப் பழனிமலையின் வாழையே விளக்கும். இம்மலைகளில் விளையும் விருப்பாட்சி மலைவாழை, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு வழிவழியாகப் பயன்பட்டு வருவது. 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதனைப் பெருமளவில் அழித்தது முடிக்கொத்து நோய். இந்நோய்க்குக் காரணமான நச்சுயிரியை வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி பரப்புகிறது. நோயுற்ற கன்றை எடுத்து நடுவதாலும் பரவுகிறது. இலைக்காம்பிலும் நரம்புகளிலும் புள்ளியும் கோடுமாய்க் கரும்பச்சைக் கீற்றுகள் முதலில் தோன்றும்; பின்னர் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகத் திரளும். நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்த வழியில்லை. அடியோடு அகற்றி அழிப்பதே பிறவற்றைக் காக்கும் வழி. ஆகவே முதற்கீற்றைக் காணும் கண்ணே தோட்டத்தின் பாதுகாப்பு.

வாழை நோய்களைத் திறன்பேசியால் அறியும் ‘டுமைனி’ என்னும் செயலி 2019-இல் அறிமுகமாயிற்று. சுவாகிலி மொழியில் இச்சொல்லுக்கு ‘நம்பிக்கை’ என்று பொருள். பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனங்களோடு தமிழ்நாட்டிலுள்ள வேளாண் கல்வி நிறுவனம் ஒன்றும் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றது. ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வாழைப் படங்களைக் கொண்டு கணினி பயிற்றுவிக்கப்பட்டது; அது அறியும் நோய்களில் முடிக்கொத்து நோயும் ஒன்று. ஒளிப்படத்தை ஆராய்ந்து முடிவு சொல்லும் இச்செயலி முழுமையான மிகை மெய்மை அன்று. ஆனால் தன் முன் இருப்பது இன்னதென்று கருவி அறிவதே மிகை மெய்மைக்கு முதற்படி. அப்படியில் இது நிற்கிறது.

இங்குக் கருத வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் படங்களில் எது நோய், எது நோயன்று என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வாழையைக் கண்ணால் கண்டு பழகிய மனிதர்கள். கருவியின் அறிவு அவர்களிடம் பெற்ற கடன். அக்கண்கள் இல்லாத தலைமுறை ஒன்று வருமாயின், கருவி பிழைபடும்போது அதனைத் திருத்த ஒருவரும் இருக்கமாட்டார். எனவே மலைநாட்டுப் பள்ளியில் மிகை மெய்மையைப் புகுத்துவோர் ஒரு முறைமையைக் கைக்கொள்ள வேண்டும். மாணவர் முதலில் இலையைப் பார்க்கட்டும், தொட்டுப் பார்க்கட்டும், தாம் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதட்டும், தோட்டக்காரரிடம் கேட்கட்டும். அதன்பின் கருவியை நீட்டி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா எனக் காணட்டும். முரண்படும் இடத்தில்தான் கல்வி தொடங்குகிறது. கருவியை முதலில் நீட்டும் மாணவர் பெயரைக் கற்பார், இலையைக் கற்கமாட்டார்.

உலகின் மீது எழுதுபவர் யார்?

2016 ஜூலையில் ‘போக்கிமான் கோ’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. திறன்பேசித் திரையில் தெருக்களிலும் பூங்காக்களிலும் கற்பனை உயிர்கள் தோன்றின. அவற்றைப் பிடிக்க மக்கள் திரண்டனர். நாசிகளின் இனப்படுகொலைக்கு இரையானோரின் நினைவாக வாஷிங்டனில் அமைந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் அவை தோன்றின. அங்கே விளையாட வேண்டாமென்று நிருவாகம் வேண்டிக்கொள்ள நேர்ந்தது. இந்தியாவிலும் அதே ஆண்டு, விளையாட்டின் முட்டைகள் வழிபாட்டிடங்களில் தோன்றுவது மக்களின் உணர்வைப் புண்படுத்துவதாகக் குஜராத் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. ஓர் இடத்தின் மண் ஒருவருக்கு உரியதாக இருக்கலாம். அதன் மீது திரையில் எழுதும் உரிமை யாருக்கு உரியது? மெய்நிகர் மெய்மை இவ்வினாவை எழுப்புவதில்லை. அதன் மண் அதனாலேயே படைக்கப்பட்டது. மிகை மெய்மை பிறர் வாழும் மண்ணின் மீது எழுதுவதால் இவ்வினாவிலிருந்து தப்ப இயலாது.

எழுதுவது போலவே எழுதாமல் விடுவதும் கருதத் தக்கது. மிகை மெய்மை ஓர் இடத்தின் தெருக்களையும் கட்டடங்களையும் அடையாளம் கண்டு காட்ட, பெரும்பாலும் அவ்விடம் முன்பே அளக்கப்பட்டும் படம்பிடிக்கப்பட்டும் இருக்க வேண்டும். கூகுள் நிறுவனத்தின் தெருக்காட்சிச் சேவை 2022-இல் இந்தியாவில் மீண்டும் தொடங்கப்பட்டபோது, சென்னை உள்ளிட்ட 10 நகரங்களே முதலில் இடம்பெற்றன. நகரத்துத் தெரு முதலில் பேசத் தொடங்கும். மலைப்பாதை ஊமையாக நிற்கும். திரையில் பெயர் தோன்றாத ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று இளையோர் எண்ணத் தலைப்பட்டால், அது பேரிழப்பாகும்.

பழனிமலைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பார் யார்? இம்மலைகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் பல உள்ளன. ஆங்கிலேட் பாதிரியாரும் நியூட்டனும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. சிதைந்து சரிந்த ஒரு கல்திட்டையின் முன் மாணவர் நிற்கும்போது, விழுந்த கற்கள் எழுந்து தத்தம் இடத்தில் பொருந்துவதைத் திரையில் காட்டினால், அது மிகை மெய்மையின் சிறந்த பயன். கல்லும் காற்றும் மெய்; கட்டமைப்பு மட்டும் அறிஞரின் கணிப்பு. எது எஞ்சிய கல், எது கணிப்பு என்பதை வெவ்வேறு நிறத்தில் காட்டுவது அறநெறி. முற்றிலும் அழிந்துபோன கல்திட்டையையோ, மலைக்கு வர இயலாத தொலைதூர மாணவரையோ கருதினால், அங்கே மெய்நிகர் மெய்மைக்கே இடம்.

எதிர்வாதங்கள்

இவ்வேறுபாடு விரைவில் பொருளற்றதாகிவிடும் என்பார் உளர். 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3, 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ போன்ற தலையணிகள் வெளியுலகையும் ஒளிப்படக் கண் வழியே காட்டுகின்றன; வேண்டும்போது அதனை மறைத்தும் விடுகின்றன. ஒரே கருவி இரு வேலைகளையும் செய்கிறது என்பது உண்மையே. ஆயினும் ஒரே கத்தி காய் நறுக்கவும் காயப்படுத்தவும் பயன்படுவதால் இரு செயல்களும் ஒன்றாகிவிடுவதில்லை. கருவி ஒன்றாகும்போது, ‘இப்போது காண்பது எது?’ என்னும் வினா முன்னிலும் கூர்மை பெறுகிறது.

விலையைச் சுட்டுவோரும் உளர். பள்ளிகளுக்குத் தலையணிகள் வாங்குவதைவிட ஆசிரியரும் நூலகமும் ஆய்வகமும் முதன்மையானவை என்னும் கருத்தில் நியாயம் இருக்கிறது. மிகை மெய்மைக்குத் தனித் தலையணி தேவையில்லை. பல வீடுகளில் உள்ள திறன்பேசியே போதும் என்பது அதற்குச் சாதகமான செய்தி. ஆனால் இணையத் தொடர்பு சீராக இல்லாத மலையூர்களில், இணையமின்றியும் இயங்குமாறு பாடங்களை அமைத்தாலன்றி அச்சாதகம் ஏட்டளவிலேயே நிற்கும்.

எது எங்கே?

கல்விக்கூடங்கள் பின்பற்றத்தக்க நெறி எளியது. ஊரில் இல்லாததைக் காட்ட மெய்நிகர் மெய்மை பயன்படட்டும்: ஆடலூர் மாணவருக்குக் கடலடியும், கடற்கரை மாணவருக்குச் சோலைக்காடும், இருவருக்கும் விண்வெளியும் அணுவின் உட்புறமும். ஊரில் இருப்பதை ஆழ்ந்து அறிய மிகை மெய்மை பயன்படட்டும். சன்னலுக்கு வெளியே மிளகுக்கொடி படர்ந்திருக்க, சன்னலை மூடிவிட்டுத் தலையணியில் மிளகுக்கொடியைக் காட்டுவது கல்வியாகாது.

மிகை மெய்மைப் பாடங்களை எழுதும் பொறுப்பில் ஊராருக்கும் பங்கு வேண்டும். ஒரு மரத்துக்குத் தாவரவியல் பெயரோடு அம்மலையில் வழங்கும் பெயரும் திரையில் தோன்ற வேண்டுமானால், அப்பெயரை அறிந்தவரிடம் மாணவர் சென்று கேட்டுத் தொகுக்க வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவர்களால் இயலாத பணியன்று இது. அவ்வாறு தொகுப்போர், பிறர் எழுதிய திரையைப் பார்ப்பவர்களாக மட்டும் இல்லாமல், தம் ஊரைத் தாமே எழுதுபவர்களாக ஆவர்.

மெய்நிகர் உலகுக்குள் செல்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, ‘எப்போது திரும்புவது?’ என்பது. மிகை மெய்மையைக் காண்பவர் கேட்க வேண்டிய வினா, ‘இதை எழுதியவர் யார்?’ என்பது. இவ்விரு வினாக்களையும் கேட்கப் பழகிய மாணவரிடம் எக்கருவியையும் அச்சமின்றிக் கொடுக்கலாம்.